நுவரெலியாக் குளிருக்குத் தோசை மா பொங்கவே மாட்டேங்குது

கேள்வி – கந்தப்பளை
மார்கழி பிறந்ததிலிருந்து ராத்திரி வைத்த மா காலையில் வைத்தபடியே கிடக்குது. மூன்று கப் அரிசி, ஒரு கப் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். ஆறு மணித்தியாலம் ஊறவைத்து, அரைத்து, உப்புப் போட்டுக் கலக்கி மூடி வைக்கிறேன். அப்பச்சோடா போட்டால் தோசை பழுப்பாகிச் சவர்க்கார வாடை அடிக்குது. ரைஸ் குக்கரில் 'வார்ம்' போட்டு வைத்தால் அடிமா வெந்து கட்டியாகுது. உயரமான ஊரில் மா புளிக்காது என்கிறார்களே, உண்மையா? கௌபியும் (தட்டைப்பயறு) கொண்டைக்கடலையும்கூட இங்கே லேசில் வேகாது.

பதில் – தலவாக்கலை
அக்கா, இரண்டையும் ஒன்றாய்ப் போட்டுக் குழப்பாதீங்க. கடலை வேகாததற்கு உயரம் காரணம். மா புளிக்காததற்குக் குளிர்தான் காரணம்.

மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும்தான் வருது. அதுகளுக்குப் பிடித்த சூடு 28, 30 பாகை. 15 பாகைக்குக் கீழே போனால் சாகாது, சோம்பிப் படுத்துக்கொள்ளும். குக்கரின் 'வார்ம்' 60 பாகைக்கு மேலே போகும். அந்தச் சூட்டில் அதுகளும் செத்துப்போகும், மாவும் வெந்துபோகும்.

மீன் வருகிற ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியைக் கழுவிக் காயவைத்து எடுங்க. மாச்சட்டியை உள்ளே வைத்து, பக்கத்தில் ஒன்றரை லீற்றர் போத்தலில் வெந்நீர். கை வைத்தால் சுடணும், கொதிக்கக் கூடாது. போத்தல் சட்டியில் முட்டாமல் நடுவில் ஒரு துவாய். படுக்கப் போகும்போது தண்ணீரை ஒரு தடவை மாற்றினால் காலையில் மா எழும்பியிருக்கும். சட்டியில் பாதிக்கு மேலே ஊற்றாதீங்க, பெட்டியைக் கழுவுகிற வேலை வரும்.

அரைக்கும்போதும் கவனம் வேணும். பைப்புத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிற ஊரில் அதையே ஊற்றி அரைத்தால் மா பொங்குகிற சூட்டுக்கு வரவே பாதி ராத்திரி போய்விடும். உளுந்தை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஊறின தண்ணீரையே கொஞ்சம் சூடுகாட்டி ஊற்றி அரைங்க. அதைக் கொட்டினால் நுண்ணுயிரில் பாதியைக் கொட்டின மாதிரி. அரைத்த உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்க. மிதந்தால் சரி. அடியில் போனால் இன்னும் அரைக்கணும்.

சோடாவை விட்டுவிடுங்க. புளிப்போடு சேர்ந்தால்தான் அது நன்றாய் நுரைக்கும். புளிக்காத மாவில் அப்படியே தங்கி நிற்கிறதால்தான் அந்தச் சவர்க்கார வாடை.

பதில் – அட்டன்
பெட்டி யோசனை நல்லது. உப்பைப் பற்றியும் சொல்லணும். சூடான ஊரில் உப்புப் போட்டு வைத்தால் அதிகம் புளிக்காமல் காக்கும், அங்கே அது நல்லது. இங்கே ஏற்கெனவே மெதுவாய் ஓடுகிறதுக்கு எதுக்கு பிரேக்? காலையில் போட்டுக் கலக்குங்க.

போன தடவை மாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து வைத்துப் புது மாவில் கலந்தால் இரண்டு, மூன்று மணித்தியாலம் மிச்சம். பிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே போடாமல், அரைமணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்க.

விறகடுப்பு இருக்கிற வீட்டில் பெட்டியே தேவையில்லை. தணல் அவிந்த பிறகு அடுப்புக் கட்டு ராத்திரி முழுக்க இளஞ்சூடாய் இருக்கும். சட்டியை அங்கே வைத்து, இடையில் ஒரு தடவை திருப்பி வைங்க. இல்லாவிட்டால் அடுப்புப் பக்கம் மட்டும் புளித்து, மறுபக்கம் பச்சை மாவாய் இருக்கும்.

கேள்வி கேட்டவர் – கந்தப்பளை
நன்றி. அப்பத்துக்கும் இதே முறைதானா? தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தால் காலையில் மாவுக்கு மேலே வெள்ளைக் கட்டி மிதக்குது.

பதில் – பண்டாரவளை
அது கெட்டுப்போனதில்லை, தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கு. 24 பாகைக்குக் கீழே போனால் அது கட்டியாகும், உங்கள் குசினியில் எண்ணெய்ப் போத்தலே கல்லாய் நிற்குமே. அதனால் பாலை முதல் நாள் ஊற்றாதீங்க. அரைக் கிலோ வறுக்காத பச்சரிசி மாவுக்கு ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி சீனி. இரண்டையும் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடத்தில் நுரை வந்தால் மாவோடு பிசைந்து மூடி வைங்க. நுரை வராவிட்டால் ஈஸ்ட் செத்தது, மாவை வீணாக்காதீங்க. பொங்கின பிறகு, சுடுவதற்கு அரைமணித்தியாலத்துக்கு முன் கெட்டிப்பாலை இளஞ்சூடாக்கி, உப்போடு ஊற்றிக் கரைக்கணும்.

பால் பிழியவும் வெந்நீர்தான். பச்சைத் தண்ணீரில் பிழிந்தால் கொழுப்பு தேங்காய்ப்பூவிலேயே தங்கிவிடும், பால் சொதிகூட தண்ணியாய் இருக்கும்.

அப்பத்தாச்சி நன்றாய்ச் சூடேறாமல் மா ஊற்றினால் ஓரம் முறுகாது, நடுவும் ஒட்டும். தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று ஓடணும்.

பதில் – தலவாக்கலை
கடலைக் கணக்கை விட்டுவிட்டேனே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். ஆக அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்குது. நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் அதுக்கு மேலே ஏறாது, கேஸ்தான் வீண். மைசூர்ப் பருப்புக்குப் பத்து நிமிடம் கூடினால் சரி. கடலைக்கும் கௌபிக்கும் பிரெஷர் குக்கர் வேணும். அதிலும் கீழ் நாட்டில் 20 நிமிடம் என்றால் இங்கே 25 வைங்க.

ராத்திரி ஊறப்போடும்போது வெந்நீர் ஊற்றுங்க. புளியும் தக்காளியும் கடலை வெந்த பிறகுதான் போடணும். முதலிலேயே போட்டால் தோல் இறுகிக்கொள்ளும். இவ்வளவும் செய்தும் வேகவில்லை என்றால் அது கடையில் நாள்பட்டுக் கிடந்த கடலை. வேறு கடையில் வாங்குங்க.

பதில் – அட்டன்
ஒன்று விட்டுப்போச்சு அக்கா. மா பொங்கினதும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்க. உள்ளேயே விட்டால் பத்து மணிக்கெல்லாம் கடும் புளிப்பு. வெளியே எடுத்தால் மார்கழிக் குளிரே பிரிட்ஜ் வேலை பார்க்கும், பொழுதுபட்டும் சுடலாம்.