2012-ல் வாங்கிய கிரெடிட் கார்டை மூடினேன், சிபில் ஸ்கோர் (கடனை எப்படிக் கட்டுகிறோம் என்பதற்குப் போடும் மார்க்) இறங்கிவிட்டது. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

கோவைக்காரன்:
முதல் வேலையில் சேர்ந்த ஆறாவது மாசம், ஆபீஸ் வாசலில் ஸ்டால் போட்டிருந்த பையன் டார்கெட் முடியவில்லை என்று கெஞ்சியதால் வாங்கிய கார்டு அது. பன்னிரண்டு வருஷத்தில் லிமிட் தானாக 1,20,000 வரை ஏறியிருந்தது. நான் அதைத் தொடுவதே இல்லை, பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். சும்மா கிடக்கிற கார்டுக்கு வருஷக் கட்டணம் 590 ரூபாய் பிடித்தார்களே என்ற கடுப்பில் போன் போட்டு மூடச் சொல்லிவிட்டேன். ஒரு வாரத்தில் மூடிவிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு மாசம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போய் உட்கார்ந்தால் 792 இருந்த ஸ்கோர் 761. மேனேஜர் என் கடன் கணக்கெல்லாம் இருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இருக்கறதுலயே பழைய கணக்கைப் போய் மூடியிருக்கீங்களே சார்” என்றார். திரும்பத் திறக்க முடியுமா என்று கேட்டால், புதுசாக அப்ளை பண்ணச் சொல்கிறார்கள். கணக்கின் வயசுக்கு இவ்வளவு மரியாதையா?

ஈரோட்டு அக்கா:
வயசுக் கதை என்றால் எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். வருஷா வருஷம் ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸுக்காக என் சங்கிலி பேங்குக்குப் போகும். வருஷம் முடிந்ததும் வட்டியைக் கட்டித் திருப்பி, அதே கவுன்ட்டரில் மறுபடி வைப்பேன். ஒன்பது வருஷமாக ஒரு தவணை பிந்தியதில்லை. அந்தத் தைரியத்தில் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால் ஒரே சங்கிலி, ஒரே கிளை, ஆனால் ஒன்பது தனித்தனி நகைக்கடன்! எட்டு மூடியாச்சு, ஓடுகிற ஒன்றுக்கு வயசு எட்டு மாசம். நாள் தவறியதைக் காட்டும் கட்டத்தில் வரிசையாக 000 மட்டும்தான், அதைப் பார்க்கும்போது மட்டும் மனசு நிறைந்தது. ஸ்கோர் 738. எனக்குக் கடன் பழக்கம் ஒன்பது வருஷம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஓடுகிற கணக்கு என்னவோ இன்னும் தவழ்கிற குழந்தை.

ஜெர்சி வாசி:
இங்கே அமெரிக்காவில் வந்து இறங்கிய அன்றைக்கு எல்லோருமே குழந்தைதான். ஊர் சிபில் இங்கே செல்லாது. 500 டாலர் டெபாசிட் கட்டி ஒரு கார்டு வாங்கினேன், இந்த ஊர் சிபிலான ஃபைகோ ஸ்கோர் என்று ஒன்று வரவே குறைந்தது ஆறு மாசம் ஓடிய கணக்கு ஒன்று வேண்டும். அதில் கணக்கின் வயசுக்குச் சுமார் 15 சதவீதம்தான், ஒழுங்காகக் கட்டுவதற்கு 35, பாக்கி எவ்வளவு என்பதற்கு 30. இதெல்லாம் தெரிந்தும் மாட்டினேன். ஆறு வருஷக் கார்டு ஒன்று, நாலு வருஷக் கார்டு ஒன்று, சராசரி ஐந்து வருஷம் என்று நிம்மதியாக இருந்தவன், கடையில் துண்டு வாங்கும்போது கார்டு எடுத்தால் 15 சதவீதம் தள்ளுபடி என்றதும் தலையாட்டிவிட்டேன். சராசரி மூன்று வருஷம் நாலு மாசத்துக்கு வந்துவிட்டது, அதோடு புதுக் கார்டு கேட்டதற்காக என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்த விண்ணப்ப விசாரணை வேறு. ஸ்கோரில் 19 புள்ளி போச்சு, துண்டில் மிச்சமானது 11 டாலர்.

மனைவிக்கு மட்டும் குறுக்கு வழி கிடைத்தது. என் பழைய கார்டில் அவரைக் கூடுதல் பயனாளராகச் சேர்த்ததும் அந்தக் கார்டின் வயசு அவர் ரிப்போர்ட்டிலும் ஏறிவிட்டது. என்னை விட அவருக்கு இப்போது ஸ்கோர் அதிகம், தினமும் சொல்லிக் காட்டுகிறார்.

முன்னாள் பேங்க்காரர்:
கோவைத் தம்பி, உங்கள் மேனேஜர் சொன்னது பாதிதான். மூடிய கணக்கு மறுநாளே ரிப்போர்ட்டை விட்டு ஓடிவிடாது, மூடியது என்ற குறிப்போடு வருஷக்கணக்கில் இருக்கும். எனக்கு லிமிட் மேல்தான் சந்தேகம். இன்னொரு கார்டின் லிமிட் எவ்வளவு, மாசச் செலவு எவ்வளவு?

கோவைக்காரன்:
லிமிட் 80,000. செலவு எப்படியும் 40,000 வரும்.

முன்னாள் பேங்க்காரர்:
அப்புறமென்ன? முன்னே இரண்டு லட்சத்தில் 40,000, அதாவது 20 சதவீதம். இப்போது 80,000-ல் 40,000, பாதி! கையில் காசு இல்லாமல் கார்டில் ஓட்டுகிறவர் மாதிரி தெரிகிறீர்கள். பழைய கார்டு போனது வருத்தம்தான், ஆனால் அதன் வயசை விட அந்த 1,20,000 லிமிட் போனதுதான் உங்களைக் கடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்டேட்மென்ட் போடுவதற்கு முன்னாலேயே பெரும்பகுதியைக் கட்டிப் பாருங்கள், பாக்கி குறைவாகத் தெரியும். நம்மூரில் சிபில் மாதிரி ஸ்கோர் போடும் கிரெடிட் கம்பெனிகள் மொத்தம் நாலு இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும், அதைப் பார்த்தால் போதும், காசு கொடுக்காதீர்கள்.

கோவைக்காரன்:
சரிங்க சார். 8-ஆம் தேதி ஸ்டேட்மென்ட், 6-ஆம் தேதியே 30,000 கட்டிவிட்டேன். அடுத்த ரிப்போர்ட் எடுத்ததும் நம்பரோடு வருகிறேன். ஈரோட்டு அக்கா, சங்கிலி இப்போது எங்கே?

ஈரோட்டு அக்கா:
பேங்கில்தான் தம்பி. அடுத்த ஜூனில் பத்தாவது குழந்தை.