மாடித்தோட்டத் தண்ணீர் ஒழுகுது, கீழ்வீட்டார் தினமும் கத்துறார்

கேள்வி: 30 தொட்டி இருக்கு. பழுப்புத் தண்ணீர் கீழே காயும் துணியில் சொட்டுது. அவர் பேச்சு காது கொடுத்துக் கேட்க முடியலை. பதிலுக்குக் கத்தாம எப்படிச் சமாளிப்பது?

பதில் 1: முதலில் கறையை நிறுத்துங்க. அது பெரும்பாலும் தொட்டி மண்ணில் கலக்கும் தென்னை நார்க்கழிவின் (கோகோபீட்) சாயம். நார்க்கழிவுக் கட்டியை (5 கிலோ) ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலசிப் பிழிந்த பிறகே மண்ணில் கலக்கணும். ஏற்கனவே நட்டாச்சுன்னா அடியில் தட்டு வையுங்க. தேங்கியதை அன்றன்றே கொட்டிடுங்க, இல்லேன்னா கொசு.

பதில் 2: தட்டு மட்டும் போதாது. நார்க்கழிவு காய்ந்தால் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும். ஊற்றுவதெல்லாம் அந்த வழியே நேரா கீழே போகும், வேர் காய்ந்தே கிடக்கும். 12 அங்குலத் தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றி, 10 நிமிடம் கழித்து இன்னொரு அரை லிட்டர். காலை 6 மணிக்கே முடிச்சிடுங்க, துணி காயப்போடும் முன்.

பதில் 3: அவர் கத்தும்போது விளக்கம் வேண்டாம். "துணி கறையாச்சா அண்ணே? எத்தனை மணிக்குக் காயப்போடுவீங்க?" இவ்வளவே. கேள்விக்குப் பதில் சொல்லும்போது குரல் தானா இறங்கும். கீரை கொடுக்கலாம், ஆனா சண்டை நடந்த அன்னிக்கு வேண்டாம். லஞ்சம் மாதிரி தெரியும். ஒழுகல் நின்று ஒரு வாரம் போகட்டும்.

பதில் 2 (மீண்டும்): கீரையை மண் போக அலசிக் கொடுங்க. அதுக்கும் திட்டு வாங்காதீங்க!