மழைக்காலத்து டெர்பி: குதிரையின் உடல்தகுதியையும் தரையையும் கணிப்பது எப்படி?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)
ஜூலையில் பெங்களூரு டெர்பி என்ற பெரிய குதிரைப் பந்தயத்தைக் காணச் சேலத்திலிருந்து நண்பர்களோடு கிளம்புகிறேன். 2,000 மீட்டர் ஓட்டம், புல்தரை, போதாததற்குத் தென்மேற்குப் பருவமழை. ரேஸ் புத்தகத்தில் பழைய முடிவுகளைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்குத் தெரியும். ஆனால் ஓட்டத்திற்கு முன் பேடாக் என்னும் அடைப்பில் குதிரைகளை நடத்திக் காட்டும் சில நிமிடங்களில் எதைக் கவனிப்பது, வியர்த்திருக்கும் குதிரையை ஒதுக்கிவிடலாமா, ஈரத் தரை எந்தக் குதிரைக்குச் சாதகம் என்பவை பிடிபடவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (கால்நடை மருத்துவர், ஆத்தூர்)
வியர்வையை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். புழுக்கமான பிற்பகலில் கழுத்து நனைவது இயல்புதான். குதிரையின் வியர்வையில் லேத்தரின் என்ற புரதம் இருப்பதால் உராயும் இடங்களில் அது நுரைக்கும். பின்தொடைகளுக்கு நடுவே வெண்ணுரை திரண்டு, விழிவெண்மை தெரிய மிரண்டு, பிடித்திருப்பவரை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும் குதிரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது ஓடுவதற்கு முன்பே தன் சக்தியைச் செலவிட்டுக்கொண்டிருக்கிறது. தோலின் மினுமினுப்பு தீவனத்தையும் பராமரிப்பையும் காட்டும். 2,000 மீட்டருக்கான மூச்சு உண்டா என்பதைக் காட்டாது. பின்விலாக்கள் லேசாகத் தெரிந்து, பிட்டத்துத் தசைகள் திரண்டு பிரிந்து நிற்பது நல்ல அறிகுறி.

நான் முதலில் பார்ப்பது நடையைத்தான். பின்னங்குளம்பு, அதே பக்கத்து முன்னங்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டித் தாராளமாக விழ வேண்டும். முன்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையிலும் இதையே கவனிக்க வேண்டும்.

மறுமொழி (ஏற்காடு அடிவாரம்)
மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு தரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்தயத்திற்கு முன் பெனிட்ரோமீட்டர் அளவை அறிவிப்பார்கள். எடையை விழவிட்டு, கம்பி மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் கருவி அது. எண் கூடக் கூடத் தரை இளகியிருக்கிறது என்று பொருள். ஆனால் அளந்த பிறகு ஒரு மழை பெய்தாலே கணக்கு மாறிவிடும். ஆகவே டெர்பிக்கு முந்தைய ஓட்டங்களையே நான் பெரிதும் நம்புகிறேன்: ஓடி முடிக்கும் நேரம் வழக்கத்தைவிடக் கூடினாலோ, கடைசி நேர்ப்பாதையில் ஜாக்கிகள் உள்வேலியை விட்டு வெளிப்பக்கம் ஒதுங்கினாலோ, உள்ளே புல் பெயர்ந்து மண் குழைந்திருக்கக்கூடும். அத்தகைய தரையில் 2,000 மீட்டர் இன்னும் நீண்டதுபோல் ஆகிவிடும். அதைவிடக் குறைந்த தூரத்திலேயே கடைசியில் தளர்ந்த குதிரை தாக்குப்பிடிப்பது கடினம். காலைத் தாழ்வாக வீசி ஓடும் குதிரைக்குக் காய்ந்த தரை பொருந்தும். முழங்காலை உயர்த்தி ஓடுவது ஈரத்தைச் சமாளிக்கும்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. பேடாக்கில் குதிரை நடக்க மட்டுமே செய்கிறது. முழங்கால் வீச்சை எங்கே பார்ப்பது, ஐயா?

மறுமொழி (ஏற்காடு அடிவாரம்)
பேடாக்கிலிருந்து ஓட்டம் தொடங்கும் ஸ்டார்ட்டிங் கேட்டை நோக்கி மென்னோட்டமாகப் போகும்போது பாருங்கள். எல்லாரும் பந்தயம் கட்டும் கவுன்ட்டருக்கு விரையும் நேரம் அது; நீங்கள் வேலியோரமாகவே நின்றுவிடுங்கள்.