ஜப்பான் பேய்ப் படமா, ஹாலிவுட் ரீமேக்கா: எதை முதலில் போடலாம்?

அல்சூர்_ஆந்தை:

வணக்கம் மக்களே. பெங்களூர் முருகேஷ்பாளையாவில் நாலு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம், மூன்று பேர் தமிழ், ஒருவன் ஹூப்ளிக்காரன். சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் சேர்ந்து படம் பார்ப்பது வழக்கம். அடுத்து ஜப்பானியப் பேய்ப் படங்களையும் அவற்றின் ஹாலிவுட் ரீமேக்குகளையும் ஜோடி ஜோடியாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். நான் பள்ளி நாட்களில் தி ரிங், தி கிரட்ஜ் இரண்டையும் டிவியில் பார்த்திருக்கிறேன், மூலப் படம் எதையும் பார்த்ததில்லை. எங்கே தேடினாலும் "ஒரிஜினல்தான் பெஸ்ட்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் ஒருவன் அதெல்லாம் மெதுவாகப் போகும், தூங்கிவிடுவோம் என்கிறான். உண்மையிலேயே மூலம்தான் நல்லா இருக்குமா? எதை முதலில் பார்ப்பது? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கிணற்றடி:

சந்தேகமே வேண்டாம், தி ரிங்கின் மூலப் படமான ரிங்குவில் ஆரம்பியுங்கள். 1998-ல் வந்த படம், இயக்குநர் ஹிடியோ நகாட்டா, கோஜி சுசுகியின் நாவலிலிருந்து எடுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். அமெரிக்கப் படம் அதைவிட இருபது நிமிடம் நீளம், ஆகவே "மெதுவாகப் போகும்" என்று சொல்லும் நண்பரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

(இனி ஸ்பாய்லர் உண்டு. தி ரிங் பார்த்தவர் என்பதால் எழுதுகிறேன்.)

காரணம் கேட்டீர்கள். பார்த்தவரைச் சாகடிக்கும் அந்த வீடியோ கேசட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் படத்தில் அது மிகச் சிறியது: கண்ணாடி முன்னால் தலை வாரும் பெண், தாளில் ஊர்ந்து நகரும் எழுத்துகள், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு எங்கேயோ கை நீட்டி நிற்கும் ஆள், கடைசியில் கிணறு. யாரோ தெரியாமல் பதிவு செய்த மாதிரி, மங்கலாக, எந்த அழகும் இல்லாமல் இருக்கும். அமெரிக்கப் படத்தில் ஏணி, எரியும் மரம், ஈ, நாற்காலி என்று வரிசையாக வரும், ஒவ்வொரு படிமமும் ஃபிரேம் போட்டு மாட்டலாம் போல அவ்வளவு நேர்த்தி. அந்த நேர்த்திதான் எனக்குப் பிரச்சினை. யாரோ உட்கார்ந்து எடிட் செய்தது தெரிந்துவிடுகிறது, பயம் அங்கேயே பாதி இறங்கிவிடுகிறது.

அப்புறம் சதாகோ, ரிங்குவின் பேய் (தி ரிங்கில் அவள்தான் சமாரா). நடித்தவர் ரீ இனோ, கபுகி பாணி நாடகப் பயிற்சி உள்ளவர். அவரைப் பின்பக்கமாக நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைப் பின்னோக்கி ஓட்டினார்கள். அதனால்தான் அந்த நடை மனித நடை போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். முகத்தைக் கடைசி வரை காட்டவே மாட்டார்கள், ஒரே ஒரு கண் மட்டும். அமெரிக்கப் படத்தில் சமாராவின் முகம் நன்றாகவே தெரியும். ரிக் பேக்கர் என்ற பெரிய ஒப்பனைக் கலைஞரை வைத்துக்கொண்டு முகத்தை மறைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

சாவுகளும் அப்படித்தான். ரிங்குவில் ஆள் சாகும் கணத்தில் படம் உறைந்து நெகட்டிவாக மாறிவிடும். என்ன பார்த்தார்கள் என்று கிளைமாக்ஸ் வரை நமக்குத் தெரியாது. அவ்வளவு நேரம் காக்க வைத்துவிட்டு டிவியிலிருந்து அவள் வெளியே வரும்போது அந்தக் காட்சிக்கு வரும் பலமே வேறு.

பிடிஎம்_இரண்டாம்_ஆட்டம்:

கிணற்றடி சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 2002 தி ரிங்கை இப்படித் தள்ளிவிடுவது நியாயமில்லை. கோர் வெர்பின்ஸ்கி படத்தின் உயிரை விடவில்லை. எலும்புக்கூட்டைக் கிணற்றிலிருந்து எடுத்துவிட்டால் ஆவி அடங்கிவிடும் என்று கதாநாயகியும் நம்புகிறாள், நாமும் நம்புகிறோம், ஆனால் அடங்குவதில்லை. இன்னொருவருக்குக் காப்பி எடுத்துக் கொடுத்தால்தான் நீ பிழைப்பாய். இந்த அநியாயம் இரண்டு படத்திலும் அப்படியே இருக்கிறது. நல்ல ரீமேக், மோசமான ரீமேக் என்று நான் பிரிப்பது இதை வைத்துத்தான்.

நம்ம ஊர்ப் பேய்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நம்மிடம் இடைவேளைக்கு அப்புறம் ஃபிளாஷ்பேக் வரும், அந்த ஆவிக்கு யார் துரோகம் செய்தார்கள் என்று தெரியும், வில்லன் செத்ததும் ஆவி நிம்மதியாகப் போய்விடும். பேய் நம் பக்கம், நாம் பேய் பக்கம். சதாகோவுக்கு இந்தக் கணக்கே கிடையாது. கேசட்டைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் சாக வேண்டும், பார்த்தவர் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. ஹாலிவுட் ரீமேக்குகள் பெரும்பாலும் நம்ம பக்கம்தான் சாய்கின்றன, ஒரு காரணம், ஒரு பின்கதை, ஒரு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் பழைய செய்தித்தாள். தி ரிங்கிலேயே சமாராவின் குடும்பம், குதிரைப் பண்ணை, ஆஸ்பத்திரி வீடியோ என்று நிறையச் சொல்கிறார்கள். ஆனாலும் முடிவை மாற்றவில்லை, அதனால் தப்பித்தது. ஃபெர்ரி படகில் அந்தக் குதிரை மிரண்டு ஓடும் காட்சி மூலத்தில் இல்லாதது, அதற்காகவே அந்தப் படத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

என் யோசனை: தி ரிங்தான் உங்களுக்குத் தெரியுமே. மற்ற மூவரையும் ரிங்குவில் உட்கார வையுங்கள், அடுத்த வாரம் தி ரிங். ஒரே ராத்திரியில் இரண்டையும் போட வேண்டாம், இரண்டாவது எதுவாக இருந்தாலும் அடி வாங்கும்.

தண்ணீர்_டேங்க்:

தம்பி, எல்லோரும் ரிங்கையே பேசுகிறார்கள், நீங்கள் டார்க் வாட்டரை விட்டுவிடாதீர்கள். அதுவும் நகாட்டா படம்தான், 2002. விவாகரத்து வழக்கில் மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளப் போராடும் ஒரு அம்மா, பழைய அடுக்குமாடிக்குக் குடி போகிறாள். மேல்கூரையில் ஈரத் திட்டு, நாளுக்கு நாள் பெரிதாகிறது. புகார் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. பெங்களூரில் வாடகைக்கு இருக்கும் எவருக்கும் இந்த முதல் அரை மணி நேரம் பேயே இல்லாமல் வயிற்றைக் கலக்கும். நானும் ஒரு சின்னக் குழந்தையோடு மேல் மாடி ஒழுகும் வீட்டில் இருந்தவள், வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்பார். எனக்கு அந்தப் படத்தில் பேயைவிட, "இந்த அம்மாவுக்குக் குழந்தையை வளர்க்கத் தெம்பில்லை" என்று கோர்ட்டு முடிவு கட்டிவிடுமோ என்ற பயம்தான் தொண்டையை அடைத்தது.

2005 ரீமேக்கில் ஜெனிபர் கானலி, இயக்கம் வால்டர் சாலஸ். நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில் நடக்கிறது. மோசமான படமே இல்லை, கானலி மனம் வைத்து நடித்திருக்கிறார். ஆனால் முடிவில் அம்மாவின் ஆவி குழந்தைக்குத் தலை பின்னி ஆறுதல் சொல்கிற மாதிரி மென்மையாக்கிவிட்டார்கள். ஜப்பான் படத்தில் மகள் வளர்ந்து, பல வருஷம் கழித்து அதே வீட்டுக்கு வருகிறாள். அந்தக் கடைசிக் காட்சியில் எனக்கு அழுகை வந்தது. பேய்ப் படத்துக்கு அழுதது அது ஒன்றுதான்.

அல்சூர்_ஆந்தை:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு விஷயம்: தி கிரட்ஜை எடுத்தவரே ஜப்பான் இயக்குநர்தான் என்று ஹூப்ளிக்காரன் சொல்கிறான். அப்படியென்றால் அதன் மூலப் படமான ஜூ-ஆன் தனியாகப் பார்க்கத் தேவையா?

கிணற்றடி:

அவர் சொல்வது சரிதான். தகாஷி ஷிமிசுதான் இரண்டையும் எடுத்தார், 2004 படத்துக்கு சாம் ரெய்மி தயாரிப்பாளர்களில் ஒருவர். படப்பிடிப்பும் டோக்கியோவில்தான், பேயான கயாக்கோவாக வருவதும் அதே தகாக்கோ ஃபூஜி. அந்தத் தொண்டை கரகரப்புச் சத்தம் ஷிமிசுவே கொடுத்தது. இவ்வளவும் ஒன்றாக இருந்தும் படம் வேறாகத்தான் வந்திருக்கிறது. ஜூ-ஆன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பெயரைப் போட்டு, காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டிருக்கும். யார் எப்போது செத்தார்கள் என்று நாமே கோத்துக்கொள்ள வேண்டும், சில இழைகள் கடைசி வரை சேராது. தி கிரட்ஜும் முன்பின்னாகத்தான் போகிறது, ஆனால் கயாக்கோ ஏன் கொல்லப்பட்டாள் என்று ஒரு பேராசிரியரை வைத்து விளக்கிவிடுகிறார்கள். இந்த ஜோடியை மட்டும் ஒரே நாளில் பாருங்கள். அதே ஆள் அதே பேயை வைத்து இன்னொரு நாட்டுக்காரர்களுக்கு என்னென்ன மாற்றினார் என்று தெரியும்.

பிடிஎம்_இரண்டாம்_ஆட்டம்:

இன்னொன்று, கைரோ. கியோஷி குரோசவா, 2001 (அகிரா குரோசவாவின் உறவினர் அல்ல, எல்லோரும் கேட்பார்கள்). இறந்தவர்களின் உலகம் நிரம்பி வழிந்து இன்டர்நெட் வழியாக இங்கே வருகிறார்கள். வருகிறவர்கள் யாரையும் தாக்குவதில்லை, பார்த்தவர்கள் தாங்களாகவே பேச்சு குறைந்து, அறைக்குள் முடங்கி, சுவரில் ஒரு கறுப்புக் கறையாகிவிடுகிறார்கள். வேலை முடிந்து பிஜி அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் ஆபீஸ் வரை ஒருவரிடமும் பேசாத எத்தனை பேரை இந்த ஊரில் எனக்குத் தெரியும். டயல்-அப் மோடம் காலத்துப் படம், இன்றைக்குத்தான் அதிகமாக வலிக்கிறது.

2006-ல் வந்த ரீமேக் பல்ஸ். பேய் வந்து உயிரை உறிஞ்சுகிறது, கம்ப்யூட்டர் வைரஸ் போட்டு அதை நிறுத்தப் பார்க்கிறார்கள். தனிமையைப் பற்றிய படத்தில் தனிமையையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஒரு சனிக்கிழமையை அதற்குக் கொடுக்க வேண்டாம், அந்த வாரம் கைரோ மட்டும் போடுங்கள், ஜப்பானிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு. டப்பிங் போட்டால் அந்த நிசப்தம் போய்விடும். ஒன் மிஸ்டு கால் 2008 ரீமேக்கையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், தகாஷி மீகேயின் 2003 படம் போதும்.