ரெஸ்பிரேட்டருக்கு என்ன போடலாம்? அவசரம்

எல்லாருக்கும் வணக்கம். பெயின்ட் ஸ்ப்ரே பண்றவங்களுக்கும் தொட்டிக்குள்ள இறங்குறவங்களுக்குமான ஒரு பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ரெஸ்பிரேட்டர்ங்கற (கெட்ட காத்து மூச்சோட உள்ள போகாம இருக்க மூஞ்சில மாட்டறது) ஒரே சொல்லுல வண்டி நிக்குது. முகக்கவசம்னு போட்டா சர்ஜிக்கல் மாஸ்க்கும் அதேதான், ஆனா அது போட்டவர் வாயிலருந்து தெறிக்கறதைத் தடுக்கறதுக்கு, ஓரமெல்லாம் இடைவெளி. சுவாசக் கருவின்னா ஐசியூ வென்டிலேட்டர் ஞாபகம் வருது (ஆங்கிலத்துலயே முன்னாடி அதையும் ரெஸ்பிரேட்டர்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க). யாராவது கைகொடுங்க.

—

கவசமும் வடசொல், சுவாசமும் வடசொல், ரெண்டையும் தூக்கிப் போடுங்க தம்பி. எழுத்தொலி எப்படிப் பிறக்குதுன்னு சொல்ற பிறப்பியல்ல தொல்காப்பியர் "உந்தி முதலா முந்துவளி தோன்றி"ன்னுதானே தொடங்கறார்? அப்ப வளி. கவசத்துக்குப் பதிற்றுப்பத்துல மெய்ம்மறை இருக்கு. சேர்த்தா வளிமறை! இல்லன்னா உயிர்ப்புமறை. உயிர்த்தல்னா மூச்சு விடறது, நெட்டுயிர்ப்புன்னு இன்னிக்கும் எழுதறோம். லத்தீன்லயும் பாருங்க, ஸ்பிரிட்டும் ரெஸ்பிரேட்டரும் மூச்சுவிடறதைக் குறிக்கற ஒரே வேர்லருந்து வந்ததுதான். நாம உயிர்னு சொன்ன அதே இடத்துக்குத்தான் அவங்களும் வந்திருக்காங்க. இதைப் பத்தித் தனியா எழுதணும்.

—

ஐயா தனியாவே எழுதுங்க, இப்ப வேண்டாம் :) வளிமறைன்னா காத்தை மறைக்கற சாமான்னு நினைச்சு எவனும் மூஞ்சில மாட்ட மாட்டான்.

நான் இதுல பயிற்சி குடுக்கற ஆளு. சொல்லை விட முக்கியமா ஒண்ணு இருக்கு, இதுல ரெண்டு ஜாதி. ஒண்ணு இருக்கற காத்தை வடிகட்டித் தரும். என்95 அந்த வகை. அதுல 'என்'ங்கற எழுத்துன்னா எண்ணெய்த்துளி இருக்கற இடத்துக்கு ஆகாது, 95ன்னா 0.3 மைக்ரான் அளவுத் துகள்ல குறைஞ்சது 95 சதவீதம் பிடிக்கும். பெயின்ட் ஆவியை அது பிடிக்காது, அதுக்குக் கரி போட்ட கார்ட்ரிட்ஜ் வேணும். இன்னொண்ணு முதுகுல சிலிண்டரோட காத்தையே கொண்டுபோறது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ போன தொட்டில எவ்வளவு ஒசத்தி ஃபில்டர் போட்டு இறங்கினாலும் பிரயோஜனம் இல்ல, இல்லாத ஆக்சிஜனை ஃபில்டர் எங்கருந்து கொண்டுவரும்? மாஸ்க் போட்டிருக்கோமேன்னு இறங்கறவன்தான் மயங்கி விழறான். அதனால பொதுவா மூச்சுக்காப்புன்னு வெச்சுட்டு, வடிகட்டி மூச்சுக்காப்பு, சிலிண்டர் மூச்சுக்காப்புன்னு பிரிங்க. அதை ஆக்சிஜன் சிலிண்டர்னு மட்டும் போட்டுடாதீங்க, தீயணைப்புக்காரங்க முதுகுல பொதுவா இருக்கறது அழுத்தின சாதாரணக் காத்துதான்.

—

மூச்சுக்காப்புக்கு என் ஓட்டு. வளிகாப்புன்னு ஒருத்தர் எனக்குத் தனிமடல்ல சொன்னார், ஒரு எழுத்து மாறினா வளைகாப்பு, பிழைதிருத்தறவங்க பாவம். அப்புறம் நடுவுல 'க்' விடாதீங்க, மூச்சுங்கறது வன்தொடர்க் குற்றியலுகரம்.

—

காப்புன்னா பாதுகாக்கற செயலா, பொருளா? பொருள்னா காப்பான்னு வரணும். மூச்சுக்காப்பான்.

—

கையில போடற காப்பு பொருள் இல்லாம வேற என்னங்க? சிலிண்டரை உருளைன்னு மாத்தணும்னு அடுத்து யாரும் வராதீங்க, ரோடு ரோலரைத் தூக்கிட்டுத் தொட்டில இறங்கச் சொன்ன மாதிரி இருக்கும்.

—

நன்றி எல்லாருக்கும். மூச்சுக்காப்புன்னே போடறேன், முதல் பக்கத்துல மட்டும் பக்கத்துல ரெஸ்பிரேட்டர்னும் இருக்கும். தாடி இருந்தா ஓரம் முகத்தோட ஒட்டாது, கெட்ட காத்து அந்த வழியா உள்ள வரும்னு ஒரு பத்தி வருது, அங்க 'ஃபிட் டெஸ்ட்'டுக்குப் பொருத்தச் சோதனைன்னு போட்டிருக்கேன். ஜாதகப் பொருத்தம்னு யாரும் ஆரம்பிக்காதீங்க.

—

பெரும்பான்மை சொன்னா சரி. ஆனா மூச்சுங்கறது வெறும் காத்து, உயிர்ப்புதான் பொருத்தமான சொல். அடுத்த பதிப்புல பாக்கலாம். அப்புறம் 'சோதனை'யும் வடசொல், தேர்வுன்னு மாத்துங்க.