ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் கேச் நேரத்தைக் குறைக்க முடியவில்லை

வணக்கம். ஈரோடு மஞ்சள் ஏல விலை காட்டும் வேர்ட்பிரஸ் தளம். உபுண்டு 22.04, வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் 1.18, பிஎச்பி 8.1. நடுவில் சிடிஎன் (பக்கத்தின் நகலைத் தரும் இடைச் சர்வர்) கிடையாது.

தளம் முழுக்க ஃபாஸ்ட்சிஜிஐ கேச் (பிஎச்பி தந்த பக்கத்தை என்ஜின்எக்ஸ் சேமித்துவைத்துத் தருவது) 10 நிமிடம். விலைப் பக்கத்துக்கு மட்டும் 60 விநாடி வேண்டும். ஏல நேரத்தில் பழைய விலையைப் பார்த்து விவசாயி முடிவெடுத்துவிடக் கூடாது.

திங்கட்கிழமையிலிருந்து முயன்றவை:

விலைப் பக்கத்துக்குத் தனி லொக்கேஷன் (என்ஜின்எக்ஸ் கட்டமைப்பில் ஒரு முகவரிக்கான பகுதி) போட்டு கேச்_வேலிட் (கேச் நேரம் சொல்லும் வரி) 60 விநாடி கொடுத்தேன். பலனில்லை. டிரை_ஃபைல்ஸ் (கேட்ட கோப்பு இருக்கிறதா என்று தேடும் வரி) கோரிக்கையை இன்டெக்ஸ்.பிஎச்பி-க்குத் தள்ளியதும் பிஎச்பி லொக்கேஷனில் உள்ள 10 நிமிடமே செல்லுபடியாகிறது.

மேப் (முகவரிக்கேற்ப மாறிக்கு மதிப்புத் தரும் பகுதி) வழியாக மாறியில் நேரத்தை வைத்தேன். கேச்_வேலிட் மாறியை ஏற்கவில்லை. என்ஜின்எக்ஸ் -டி சோதனையிலேயே 'தவறான நேர மதிப்பு' என்று நின்றுவிட்டது.

பிஎச்பி-யிலிருந்து கேச்-கன்ட்ரோல் ஹெடரில் மேக்ஸ்-ஏஜ்=60 (60 விநாடி வைத்திரு) அனுப்பினேன். இக்னோர்_ஹெடர்ஸ் (புறக்கணிக்க வேண்டிய ஹெடர்கள்) வரியில் கேச்-கன்ட்ரோல் இருப்பதால் அது கண்டுகொள்ளப்படவில்லை. அதை நீக்கினால் ஒரு பிளகின் எல்லாப் பக்கத்துக்கும் அனுப்பும் நோ-கேச் உயிர்பெற்று, தளமே மிஸ் ஆகிறது, அதாவது எதுவும் கேச்சிலிருந்து வருவதில்லை.

யூஸ்_ஸ்டேல் (காலாவதியான நகலையும் தருவது) அணைத்தாகிவிட்டது. பிரவுசர் கேச்சும் காரணமில்லை: கர்ல் (பிரவுசர் இல்லாமல் பக்கத்தை எடுக்கும் கருவி) கொண்டு பார்த்தாலும் 9ஆவது நிமிடம் வரை ஹிட்தான், அதாவது கேச் நகல்தான். கேச் கோப்புறையைக் கையால் அழித்தால் உடனே புது விலை வருகிறது.

மிச்சம் இரண்டு வழி தெரிகிறது: ஃபாஸ்ட்சிஜிஐ வரிகளை அந்த லொக்கேஷனுக்குள் முழுதாக நகலெடுப்பது, அல்லது அந்தப் பக்கத்துக்கு மட்டும் எக்ஸ்-ஆக்செல்-எக்ஸ்பைர்ஸ் (என்ஜின்எக்ஸுக்குக் கேச் நேரம் சொல்லும் ஹெடர்) 60 அனுப்புவது. நேரடித் தளத்தில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள், இதில் எதை வைக்கலாம்?