சேவலிடம் நீல முட்டை மரபணு இருப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம் உறவுகளே. தாராபுரம் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மழையிலும் முருங்கை மரத்திலேயே அடைகிற, தானே அடைகாத்துக் குஞ்சு பொரிக்கிற அந்தத் திடத்தோடு நீல முட்டையும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

2022-ல் அரௌக்கானா (நீல முட்டையிடும் வெளிநாட்டுக் கோழி இனம்) வழிச் சேவல் ஒன்றைச் சிறுவிடைப் பெட்டைகளோடு சேர்த்தேன். முதல் தலைமுறையில் எல்லாமே பச்சை கலந்த நீல முட்டை. ஓட்டின் உட்புறமும் நீலம்தான். அவற்றுக்குள்ளேயே சேர்த்ததில் இப்போது 11 பெட்டைகளில் 4 வெளிர்பழுப்பு முட்டை இடுகின்றன.

நீல மரபணு பட்டாணிக் கொண்டையோடு (மூன்று வரிசையாகத் தாழ்ந்திருக்கும் சிறு கொண்டை) ஒட்டி வரும் என்பதால் கொண்டையைப் பார்த்துத்தான் கழித்தேன். ஆனால் அந்த 4-ல் 2 பட்டாணிக் கொண்டைதான்! என் சிறுவிடையில் பழைய சண்டைக்கோழி ரத்தம் இருக்கிறது, அந்தக் கொண்டை அங்கிருந்து வந்திருக்கலாம். முட்டை நிறத்தைப் பார்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தும் பயனில்லை, அது தாயின் நிறம். லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து) தவறாமல் போட்டும் கொண்டையை நம்பி வைத்த சேவல்கள் இரண்டு போன மழையில் கழிச்சலில் போய்விட்டன. நன்றாகத் தாங்கிய 3 சேவல்களும் ஒற்றைக் கொண்டை.

பழுப்பு முட்டைப் பெட்டையோடு சேர்த்து, மகள்கள் முட்டையிட 6 மாதம் காத்திருக்காமல், இந்த 3 சேவல்களில் எதில் நீல மரபணு இருக்கிறது என்று அறிய வேறு வழி உண்டா?